உயிரணுவின் மதகு

கோயம்புத்தூருக்கு வடக்கே, நீலமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பற்சக்கரத் தண்டவாளத்தின் வழியே மலையேறும் புகைவண்டி, பாக்குத் தோப்புகளையும் அடர்ந்த கானகத்தையும் கடந்து குன்னூரை அடையும். குன்னூரில் 1907-ஆம் ஆண்டில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் தோன்றியது. வெறிநாய்க் கடிக்கு மருந்து ஆக்குதலே அதன் முதற்பணி. ஆயினும் அந்நிலையத்தின் ஒரு பகுதியில் வேறொரு பணியும் பின்னர்த் தொடங்கிற்று. அங்கே கூண்டுகளில் புறாக்கள் வளர்க்கப்பட்டன. அவற்றுக்கு இடப்பட்ட உணவு, நன்றாகத் தீட்டி வெளுத்த அரிசி ஒன்றே.

அரிசிக்குக் குறைவில்லை. தொடக்கத்தில் புறாக்கள் அதனை விரும்பியே உண்டன. சில வாரங்கள் சென்றபின் அவற்றிற்கு உணவில் வேட்கை குன்றியது, கால்கள் தள்ளாடின, சிறகை விரிக்கும் வலிமையும் அகன்றது. இறுதியில் தலை பின்புறமாக வளைந்து முதுகின்மேற் படிய, எழமாட்டாமல் கிடந்தன. இனிப் பிழையாது என்று கருதத்தக்க அந்நிலையிலும், ஒரு புறாவின் வாயில் தவிட்டிலிருந்து எடுத்த சாற்றைச் சிறிது புகட்டினால், சில மணி நேரத்திற்குள் அது தலை நிமிர்ந்தது. அரிசி தராத ஏதோ ஒன்றை, அரிசியிலிருந்து நீக்கி எறிந்த தவிடு தந்தது.

இவ்வாராய்ச்சியை நடத்தியவர் இராபர்ட் மக்காரிசன் என்னும் ஆங்கில அரசின் மருத்துவர். அவர், முதல் உலகப் போரினால் இடைநின்ற தம் பணியை 1918-ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கினார். தீட்டிய அரிசி உண்ட கோழிகள் இவ்வாறே நோயுறுவதை ஐக்மன் என்னும் ஒல்லாந்து அறிஞர் சாவகத் தீவில் முன்னரே கண்டிருந்தார். மக்களுக்கு வரும் இந்நோய்க்குப் பெரிபெரி என்று பெயர். ‘இயலாது’ என்னும் கருத்துடைய சிங்களச் சொல் இருமுறை அடுக்கி நின்றதே இப்பெயர் என்பர். நோயாளி சொல்லக்கூடிய சொல் அது ஒன்றே ஆதலின் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் பெரிபெரி எங்கும் பரவியிருக்கவில்லை. வடசர்க்கார் எனப்பட்ட கடற்கரை ஆந்திரப் பகுதியிலேயே அது மிகுந்திருந்தது. தமிழ்நாட்டிலும் அரிசி உண்போர் பலராக இருந்தும் நோய் அரிதாகவே காணப்பட்டது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் அரிசியின் பக்குவம். வடசர்க்காரில் மக்கள் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் உண்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்தின் ஒரு பகுதி நீரோடு உட்புகுந்து மணியின் நடுவே தங்கிவிடுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை. குன்னூரில் தொடங்கிப் பின் ஐதராபாத்தில் விரிவாக்கப்பெற்ற உணவுப் பட்டியலின்படி, 100 கிராம் ஆலைப் பச்சரிசியில் அச்சத்து 0.06 மில்லிகிராம் உள்ளது. ஆலைப் புழுங்கலரிசியில் 0.21 மில்லிகிராம். நெல்லை அவித்து உலர்த்திய பாட்டிமார் இக்கணக்கை அறிந்தவர் அல்லர். அவர்களுடைய களமும் அண்டாவும் கணக்கைச் சரியாகவே செய்தன.

கொங்கு நாட்டு மானாவாரி நிலத்து மக்களுக்கோ அரிசிச்சோறு பெரும்பாலும் நோன்புநாள் உணவாகவே இருந்தது. கம்பஞ்சோறும் சோளச்சோறும் ராகிக்களியுமே அவர்தம் நாள் உணவு. அதே பட்டியலில் 100 கிராம் கம்புக்கு 0.33, சோளத்துக்கு 0.37, ராகிக்கு 0.42 மில்லிகிராம் என்று காணப்படும். வெள்ளைச் சோற்றை உயர்வென்றும் களியை எளியோர் உணவென்றும் எண்ணிய காலத்தில், சத்து எளியோர் கலத்திலேயே மிகுதியாக இருந்தது.

தானியத்தின் உணவுச் சிறப்பு அது விளையும் மண்ணைப் பொறுத்து மாறுமோ என்னும் ஐயமும் மக்காரிசனுக்கு எழுந்தது. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியின் நிலத்தில், ஒரு பாத்திக்கு எருவும் ஒரு பாத்திக்குச் செயற்கை உரமும் இட்டு, ஒரு பாத்திக்கு ஒன்றும் இடாமல் பயிரிடும் நீண்டகாலச் சோதனை 1909-ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்தது. அங்கு வேளாண்மை வேதியியலாராக விளங்கிய விசுவநாத் என்பாருடன் சேர்ந்து, அப்பாத்திகளின் தானியத்தை உயிர்களுக்கு ஊட்டிப் பார்த்து, 1926-ஆம் ஆண்டில் மக்காரிசன் ஆய்வுரை வெளியிட்டார். மாட்டெரு இட்ட நிலத்தின் தானியம் மேம்பட்டது என்பது அவர்கள் கண்ட முடிவு.

தவிட்டில் ஒளிந்திருந்த பொருளைத் தூய நிலையில் முதலில் பிரித்தவர்கள் சான்சன், டோனத் என்னும் இருவர். இது நிகழ்ந்தது 1926-ஆம் ஆண்டில், சாவகத் தீவில். அதன் அமைப்பை முற்றும் அறிந்து 1936-ஆம் ஆண்டில் செயற்கையாகவும் ஆக்கியவர் இராபர்ட் வில்லியம்சு என்னும் அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் நெல்லூர் என்பது பலர் அறியாத செய்தி. சமயப் பணிக்கு வந்த பெற்றோருக்கு அங்கே பிறந்து, இளமையில் இந்நாட்டு எளிய மக்களின் வறுமையைக் கண்டு வளர்ந்தவர் அவர். அப்பொருள் இன்று தியாமின் என்றும், வைட்டமின் பி-1 என்றும் வழங்குகிறது. தமிழில் உயிர்ச்சத்து என்று பெயரிட்டோர் நன்கு பெயரிட்டனர். உண்ட சோற்றின் மாவுப்பொருள் உடலுக்குள் எரிந்து ஆற்றலாக மாறும் பாதையில், தியாமின் துணை நில்லாவிடில் சில நொதிகள் வேலை செய்யா. விறகு அடுப்பில் நிறைந்திருந்தும் நெருப்புப் பற்றாத நிலை அது. மிகுதியாக ஆற்றல் வேண்டும் உறுப்புகளாகிய நரம்பும் இதயமும் முதலில் வாடுகின்றன.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு வேண்டுவது ஒன்று முதல் ஒன்றரை மில்லிகிராம் அளவே. உடலில் இருக்கும் சேமிப்பும் சிறிது. அஃது இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். ஆகவே நாள்தோறும் சிறிதேனும் உள்ளே வந்துகொண்டிருத்தல் வேண்டும். உள்ளே வருதல் என்றால் என்ன? உணவு வயிற்றில் விழுந்துவிட்டால் உடலுக்குள் வந்துவிட்டதாகவே பலரும் எண்ணுவர். உண்மையில் குடற்குழாயின் உட்புறம் இன்னும் உடலுக்குப் புறமே. குடற்சுவரின் உயிரணுக்களைக் கடந்த பின்னரே எப்பொருளும் உடலின் பொருளாகும்.

கடத்தல் எளிதன்று. உயிரணுவைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வு கொழுப்பாலானது. தியாமின் நீரிற் கரையும் இயல்பும் மின்னேற்றமும் உடையது. எண்ணெயில் நீர் கலவாதவாறு போலத் தியாமினும் அச்சவ்வின் ஊடே எளிதிற் செல்லாது. செல்வதற்கென்றே சவ்வில் வாயில்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வாயிலும் ஒரு புரதம். தியாமினை மட்டும் அடையாளம் கண்டு பற்றி உட்புறம் விடும் வாயிற்புரதங்கள் இரண்டு என்பது 1999-ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. அவற்றைத் தியாமின் கடத்தி ஒன்று, தியாமின் கடத்தி இரண்டு என்பர்.

நொய்யலாற்றின் வெள்ளத்தைச் சிற்றணைகளால் தடுத்து, வாய்க்கால்களின் வழியே குளங்களிற் சேர்த்து, மதகுகளின் வழியே வயலுக்கு விட்டனர் கொங்கு நாட்டு முன்னோர். கரை நீரைத் தடுக்கும். மதகு வேண்டும் அளவுக்கு விடும். உயிரணுவின் சவ்வு கரை, வாயிற்புரதம் மதகு. இவ்வுவமை ஓரளவுக்கே பொருந்தும். ஏனெனில் வறட்சி வந்ததென்று எந்தக் குளத்தின் கரையும் தானே புதிய மதகுகளைக் கட்டிக்கொண்டதில்லை. உயிரணு கட்டிக்கொள்கிறது.

அது எவ்வாறு என அறிதற்கு, உயிரணுவின் நடுவே உள்ள உட்கருவை நோக்குதல் வேண்டும். உடலின் ஒவ்வொரு புரதத்தையும் ஆக்கும் முறை அங்கே டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு புரதத்துக்குரிய பகுதியே ஒரு மரபணு. பழைய புலவர் இல்லத்தில் மூல ஏடு பேழைக்குள் இருக்கும். அதனை எவரும் வெளியே கொண்டு செல்லார். வேண்டுவோர் படியெடுத்துச் செல்வர். உட்கருவிலும் அதுவே முறை. மரபணு உள்ளேயே இருக்க, அதனைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்னும் படி எடுக்கப்படுகிறது. அப்படி வெளியே வந்து, ரைபோசோம் என்னும் தொழிற்களத்தில் படிக்கப்பட்டுப் புரதமாகிறது. பல படிகள் எடுத்தால் புரதம் பலவாகும். படி குறைந்தால் புரதமும் குறையும். மரபணுவில் எழுதப்பட்டது இவ்வாறு புரதமாக வெளிப்படுதலையே அறிவியலார் மரபணு வெளிப்பாடு என்பர்.

எல்லா உயிரணுவிலும் மூல ஏடு ஒன்றே. கண்ணின் உயிரணுவும் குடலின் உயிரணுவும் அதே ஏட்டையே வைத்திருக்கின்றன. எந்தப் பக்கத்தைப் படியெடுப்பது, எத்தனை படி எடுப்பது என்பதிலேயே வேறுபாடு. படியெடுக்கும் இடத்தைக் காட்டும் பகுதி ஒவ்வொரு மரபணுவின் முகப்பிலும் உண்டு. சில புரதங்கள் அம்முகப்பில் வந்து அமர்ந்து படியெடுத்தலைத் தூண்டும், சில தடுக்கும்.

இனித் தியாமினுக்கு வருவோர் ஒரு வியப்பைக் காண்பர். தியாமின் இல்லாத உணவைச் சுண்டெலிகளுக்கு ஊட்டி, அவற்றின் சிறுகுடலை அறிவியலார் ஆராய்ந்தனர். வாடிய எலிகளின் குடல், தியாமினை இழுத்துக்கொள்வதில் முன்னிலும் விரைவு காட்டியது. இரண்டாம் கடத்தியின் படிகளும், அதனால் அக்கடத்தியும், குடலில் மிகுந்திருந்தன. முதற்கடத்தியில் அத்தகைய மிகுதி இல்லை. மனிதக் குடலினின்று பெற்றுக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களிலும் இவ்வாறே கண்டனர். தியாமின் குறைந்த நீரில் அவ்வுயிரணுக்களை வைத்தபோது, இரண்டாம் கடத்தியின் மரபணு முகப்பில் படியெடுத்தல் விரைந்தது. அம்முகப்பில் அமர்ந்து அதனைத் தூண்டும் புரதங்களுள் எஸ்பி-1 என்பது ஒன்று. தியாமின் மீண்டும் நிறைந்தால் இவ்விரைவு தணியும். சிறுநீரகத்தின் உயிரணுக்களும் பஞ்ச காலத்தில் இவ்வாறே தம் கடத்திகளைப் பெருக்கி, சிறுநீரோடு வீணாகப் போகும் தியாமினை மீட்டுக்கொள்கின்றன. பொருள் குறைந்த வீட்டில் வரவைத் தேடுவோர் ஒருவரும் செலவைச் சுருக்குவோர் ஒருவருமாக இருவர் முயல்வது போன்றது இது. எவரும் கட்டளை இட்டிலர்; மூளைக்கும் இது தெரியாது.

மதுவினால் இவ்வொழுங்கு கெடுகிறது. நெடுநாள் மது ஊட்டப்பட்ட எலிகளின் குடலில் தியாமின் கடத்திகளுள் ஒன்றன் படிகள் குறைந்துபோனமை 2010-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. மது உண்போர்க்குத் தியாமின் குறைவால் நினைவு குலைந்து நடை தடுமாறுவதை மருத்துவர் நெடுங்காலமாகவே அறிவர். அவர்கள் சரியாக உண்பதில்லை என்பதே காரணம் என்று முன்னர்க் கருதப்பட்டது. உண்டதும் உட்செல்வதில்லை என்பது பின்னர் வந்த தெளிவு.

மனிதரினும் மிகப் பழைய உயிர்களிடத்தில் இதனினும் எளிய முறை ஒன்று உண்டு. நுண்ணுயிர்களில், தியாமினை ஆக்குதற்கும் உள்ளே கொணர்தற்கும் உரிய மரபணுக்களின் ஆர்.என்.ஏ. படியே தியாமினை நேரே பற்றிக்கொள்ளும். பற்றியதும் அப்படி தன்னைத்தான் மடக்கிக்கொள்ளும், மடங்கிய ஏட்டைப் படிக்க இயலாது, புரதமும் ஆகாது. தியாமின் தீர்ந்தவுடன் ஏடு விரியும். இடையில் தூதரும் இல்லை, காவலரும் இல்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் பிரேக்கர் என்பாரும் அவருடைய துணைவரும் 2002-ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டில் அவர்களே செடியினங்களில் தேடியபோது, தியாமினைப் பற்றும் அதே மடிப்பு நெற்பயிரின் மரபணுவிலும் இருந்தது. ஆக, நெற்பயிர் தனக்கு வேண்டிய தியாமினை அளந்து ஆக்கி, முளைக்கும் கன்றுக்கென்று மணியின் ஓரத்திலும் முளையிலும் வைக்கிறது. ஆலை அதனைச் சீவித் தவிடாக வெளியே தள்ளுகிறது. மனிதரிடத்தில் இம்மடிப்பு முறை காணப்படவில்லை.

பஞ்ச காலத்தில் மதகுகளைப் பெருக்கும் உயிரணுவின் திறம் பெரிதே. அதற்கும் எல்லை உண்டு. குளம் வற்றியபின் கரையெங்கும் மதகு வைத்தாலும் வயல் நனையாது. தாய் உண்ணும் சோற்றில் தியாமின் இல்லையேல் அவள் பாலிலும் இல்லை. பிறந்து இரண்டு மூன்று திங்கள் ஆன குழந்தை, பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும்போதே, திடீரெனக் குரல் அடைத்து, மூச்சுத் திணறி, இதயம் விரிந்து, சில மணி நேரத்திற்குள் இறந்துபடும். மக்காரிசனுக்குப் பின் 1935-ஆம் ஆண்டில் குன்னூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரான எய்க்ராய்டு, கிருஷ்ணன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து, சென்னை மாகாணத்தின் பெரிபெரிப் பகுதியில் நிகழ்ந்த குழந்தைச் சாவுகளை ஆராய்ந்து 1941-ஆம் ஆண்டில் எழுதினார். அக்குழந்தைகளின் குடலும் தன்னால் இயன்ற வாயில்களை எல்லாம் திறந்தே வைத்திருக்கும். பாலில் வரவேண்டியது வரவில்லை. அந்நிலையம் 1958-ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாறிற்று. 1969-ஆம் ஆண்டு முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. நோய் முற்றும் ஒழிந்துவிடவில்லை. தீட்டிய அரிசியையே உண்டு, பேறுகாலப் பத்தியம் என்று காய்கறியையும் பருப்பையும் விலக்கிய தாய்மாரின் குழந்தைகளுக்கு இந்நோய் வந்தமையைக் காசுமீரத்திலும் கருநாடகத்திலும் மருத்துவர்கள் இந்நூற்றாண்டிலும் பதிவு செய்துள்ளனர். நோயை அறிந்துகொண்ட மருத்துவர் தியாமினை ஊசி வழியே செலுத்தினால், குன்னூர்ப் புறாவைப் போலவே குழந்தையும் சில மணி நேரத்தில் கண் திறக்கிறது.

இதற்கு நேர்மாறான குறையும் ஒன்று உண்டு. குளத்தில் நீர் நிறைந்திருந்தும் மதகே இல்லாத நிலை அது. முதற்கடத்தியின் மரபணு பழுதுற்ற குழந்தைக்குக் குருதி சோகை உண்டாகும்; நீரிழிவு உண்டாகும்; செவி கேளாதாகும். இந்நோயை ராஜர்சு என்னும் மருத்துவர் 1969-ஆம் ஆண்டில் முதன்முதல் விளக்கினார். காரணமான மரபணு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே, 1999-இல், அறியப்பட்டது. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாகப் பழுதுற்ற படி இரண்டும் வந்து சேர்ந்தால் அன்றி இந்நோய் தோன்றாது. ஆதலின் மிக அரியது. மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் என்று உறவிலேயே மணம் செய்யும் குடும்பங்களில், ஒரே பாட்டனிடமிருந்து வந்த பழுது இருபுறமும் கூடுதற்கு இடம் மிகுதி.

இத்தகைய குழந்தைக்கு மருத்துவர் தருவதும் தியாமினே. ஆனால் ஒரு மில்லிகிராம் அன்று; நாள்தோறும் 25 முதல் 75 மில்லிகிராம் வரை தருவர். நீர் மிகுந்தால் மதகு இன்றியும் கரை கசிவதுபோல, அவ்வளவு மிகுதியாக இருக்கும்போது தியாமின் வாயிலை நாடாமலே சவ்வின் ஊடே சிறிது கசிந்து உட்செல்கிறது. இரண்டாம் கடத்தியும் தன்னால் இயன்றதைச் சேர்க்கிறது. குருதி தேறுகிறது. நீரிழிவும் பெரும்பாலும் தணிகிறது. செவியின் உள்ளே ஒலியை உணரும் உயிரணுக்கள் மட்டும் முதற்கடத்தி ஒன்றையே நம்பி இருப்பவை. இழந்த செவிப்புலன் பெரும்பாலும் மீள்வதில்லை.